பறக்கும் தட்டு தகவல்களை 20 ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்த விஞ்ஞானி... யார் இந்த ஆலன் ஹைனெக்?

வானத்தில் மர்ம ஒளி தெரிந்ததாக ஒரு செய்தி வந்தால் போதும், உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். ஒன்று, வேற்றுகிரகவாசி வந்துட்டாங்க. இன்னொன்று, எல்லாம் கட்டுக்கதை. இரண்டுக்கும் நடுவில் நின்று இரு பக்கமும் அடி வாங்கியவர்தான் அமெரிக்க வானியலாளர் ஜே. ஆலன் ஹைனெக்.

1910-ல் சிகாகோவில் பிறந்தவர். ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வானியல் பேராசிரியர். 1947-ல் கென்னத் அர்னால்டு என்ற விமானி, 9 மர்மப் பொருட்கள் வேகமாகப் பறந்ததைப் பார்த்ததாகச் சொல்ல, அமெரிக்கா முழுக்க பறக்கும் தட்டு பேச்சுதான். விமானப்படையே விசாரணையில் இறங்கியது. அதே ஓஹியோவில்தான் விசாரணை நடந்த விமானப்படைத் தளமும் இருந்தது. 1948-ல் ஹைனெக்கைத் தேடி வந்தார்கள். எது நட்சத்திரம், எது எரிகல் என்று பிரித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஆரம்பத்தில் அவரும் இதையெல்லாம் வெறும் பரபரப்பு என்றுதான் நினைத்தார். ஆனால் வேலை நினைத்த மாதிரி இல்லை.

உதாரணத்துக்கு, 1948 ஜனவரியில் கென்டக்கியில் நடந்தது. வானில் தெரிந்த ஒரு பொருளைத் துரத்திய விமானி தாமஸ் மேன்டெல், விமானம் விழுந்து உயிரிழந்தார். அவர் பார்த்தது வெள்ளி கிரகமாக இருக்கலாம் என்று ஹைனெக் கணித்தார். அது கடற்படையின் ராட்சத ஆய்வு பலூனாக இருந்திருக்கலாம் என்பதுதான் பின்னாளில் பலரும் ஏற்ற விளக்கம். அந்த பலூன் திட்டமே அப்போது ரகசியம். அரசே மறைத்து வைத்திருப்பதை ஒரு வானியலாளர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

சிக்கல் எங்கே?

ஆய்வகத்தில் ஒரு சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கலாம். வானத்தில் சில நொடி தெரிந்த ஒளியை மறுபடி வரவழைக்க முடியாது. கையில் இருப்பது பார்த்தவரின் நினைவு மட்டும்தான். அதுவும் இருட்டு வானத்தில் ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கு என்று தெரியாவிட்டால், அதன் அளவையும் சொல்ல முடியாது, வேகத்தையும் சொல்ல முடியாது. பக்கத்தில் பறக்கும் பூச்சியும் தொலைவில் போகும் விமானமும் கண்ணுக்கு ஒரே அளவில் தெரியலாம். பார்த்தவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

1966 மார்ச்சில் மிச்சிகனில் இந்தச் சிக்கல் வெடித்தது. டெக்ஸ்டரில் ஒரு விவசாயக் குடும்பமும், ஹில்ஸ்டேலில் கல்லூரி மாணவிகள் பலரும் விநோத ஒளிகளைப் பார்த்ததாகச் சொன்னார்கள். சில நாள் விசாரணையிலேயே டெட்ராய்ட்டில் செய்தியாளர்கள் முன் நிறுத்தப்பட்ட ஹைனெக், சதுப்பு நில வாயு காரணமாக இருக்கலாம் என்றார். அந்த 'இருக்கலாம்' தலைப்புச் செய்திகளில் காணாமல் போனது. நாடே கேலி செய்தது. பார்த்தவர்களோ தங்களை முட்டாளாக்கிவிட்டதாகக் கொதித்தார்கள். அப்போது மிச்சிகன் எம்.பி.யாக இருந்த, பின்னாளில் அதிபரான ஜெரால்டு ஃபோர்டு, நாடாளுமன்ற விசாரணையே கேட்டார்.

அதன்பிறகு ஹைனெக் மாறினார். 'ப்ளூ புக்' என்ற விமானப்படைத் திட்டத்தில் போதிய ஆட்களும் இல்லை, அறிவியல் முறையும் இல்லை என்று வெளிப்படையாகவே விமர்சித்தார். சக விஞ்ஞானிகள் பலர் இந்த விஷயத்தைத் தொடவே தயங்கினார்கள். தொட்டால் பெயர் கெட்டுவிடுமே! 1969-ல் வெளியான எட்வர்டு காண்டன் குழு அறிக்கை, இதை மேலும் ஆராய்வதில் அறிவியலுக்குப் பெரிய பலன் இல்லை என்றது. அந்த டிசம்பரிலேயே ப்ளூ புக் மூடப்பட்டது.

ஹைனெக் விடவில்லை. 1972-ல் எழுதிய புத்தகத்தில் தகவல்களை வகை பிரித்தார். இரவு ஒளி, பகல் தட்டு, ரேடாரிலும் கண்ணிலும் பட்டது, மூன்று வகை நெருங்கிய சந்திப்புகள். ஸ்பீல்பெர்க்கின் 1977 படத்தின் தலைப்பே இதிலிருந்து வந்ததுதான். அதில் தாடியும் பைப்பும் ஆக சில நொடி வந்து போவது ஹைனெக்கேதான். 1973-ல் தனியாக ஆய்வு மையமும் தொடங்கினார். வேற்றுகிரகவாசிகள் வந்ததற்கு ஆதாரம் கிடைத்ததாக அறிவிக்கும் நாள் மட்டும் வரவே இல்லை.

1986 ஏப்ரலில் அரிசோனாவில் தனது 75-வது வயதில் காலமானார். ப்ளூ புக் கோப்புகள் இன்று அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மொத்தம் 12,618 தகவல்கள். அதில் 701-க்கு எதிரே இன்னமும் 'அடையாளம் தெரியவில்லை' என்றுதான் இருக்கிறது.