ஊருக்கு மாட்டு டாக்டர், உலகத்துக்கு எழுத்தாளர்... ஜேம்ஸ் ஹெரியட் கதை தெரியுமா?

ராத்திரி 2 மணி. வெளியே பனி கொட்டுது. போன் அடிக்குது. மாடு கன்னு போட முடியாமத் திணறுது, உடனே வாங்கன்னு ஒரு விவசாயி கூப்பிடுறார். நீங்க அந்த ஊர் மாட்டு டாக்டரா இருந்தா என்ன பண்ணுவீங்க? போர்வையை உதறிட்டு எழுந்துதான் ஆகணும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஒருத்தர் பல வருஷமா அப்படித்தான் எழுந்து போனார். ஆஃபீஸ்ல இருந்து மெசேஜ் வந்தாலே டென்ஷன் ஆகுற நமக்கு, அவர் வாழ்க்கை ரொம்பவே சுவாரஸ்யமானது.

ஊர்ல அவர் பெயர் ஆல்ஃப் வைட். உலகத்துக்கு அவர் ஜேம்ஸ் ஹெரியட். ஓடிடி-யில் 'ஆல் க்ரீச்சர்ஸ் கிரேட் அண்ட் ஸ்மால்' சீரிஸ் பார்த்திருந்தால், அந்த டாக்டர் இவர்தான்!

நாயால் வந்த ஆசை

ஜேம்ஸ் ஆல்ஃபிரட் வைட் பிறந்தது 1916 அக்டோபர் 3, இங்கிலாந்தின் சண்டர்லேண்டில். சில வாரக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்குப் போய்விட்டது. அப்பா கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர், சினிமா தியேட்டரில் பியானோவும் வாசிப்பார். வீட்டில் யாருக்கும் மாடு, வயல் என்று எந்தத் தொடர்பும் கிடையாது. முழுக்க முழுக்க சிட்டி பையன்.

அவனிடம் டான் என்று ஒரு ஐரிஷ் செட்டர் நாய் இருந்தது. அந்த நாயோடு மைல் கணக்கில் நடப்பான். பள்ளி நாள்களில் ஒரு பத்திரிகையில் கால்நடை மருத்துவம் பற்றிய கட்டுரையைப் படித்தான். அவ்ளோதான், இதுதான் நம்ம வேலைன்னு முடிவு பண்ணிட்டான்.

1933-ல் கிளாஸ்கோ கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அங்கே பாடத்தின் நாயகன் குதிரை. ஆனால் வெளியே டிராக்டர் வந்து, உழவுக் குதிரைகளின் காலம் முடிந்துகொண்டிருந்தது. படித்தது ஒண்ணு, உலகம் கேட்டது இன்னொண்ணு. இந்தச் சிக்கல் நமக்கும் பழக்கமானதுதானே?

1939 டிசம்பரில் படிப்பை முடித்தபோது இரண்டாம் உலகப்போர் தொடங்கியிருந்தது. சண்டர்லேண்டில் சில மாதங்கள் வேலை பார்த்துவிட்டு, 1940-ல் யார்க்‌ஷயரின் தெர்ஸ்க் என்ற சின்ன ஊருக்கு வந்தார். டொனால்ட் சின்க்ளேர் என்ற டாக்டர் நடத்திய கிளினிக் அது. முகவரி, 23 கிர்க்கேட். வேலைக்காக வந்தவர், கடைசிவரை அந்த வட்டாரத்தை விட்டுப் போகவே இல்லை.

சட்டையைக் கழற்றினால்தான் வேலை

மாட்டு டாக்டர் வேலை என்றால் ஊசி போட்டுவிட்டுக் கிளம்புவது என்று நினைக்கிறீர்களா? ஒரு கன்று வயிற்றுக்குள் தலையைத் திருப்பிக்கொண்டு மாட்டிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் இடுப்புக்கு மேலே உடையைக் கழற்றிவிட்டு, கையில் சோப்பும் தண்ணீரும் தடவிக்கொண்டு, தோள்வரை உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். மாடு முக்கும்போதெல்லாம் கை நசுங்கும். முக்கல் நிற்கும் இடைவெளியில் கன்றைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, தாடையில் கயிறு மாட்டி, தலையை நேராக்கி வெளியே இழுக்க வேண்டும். சில நேரம் இதற்கே மணிக்கணக்காகும். அந்தக் காலத்தில் மாட்டுக்கு சிசேரியன் சர்வசாதாரணமாகச் செய்கிற விஷயமும் இல்லை.

மருந்துகளும் குறைவு. பெனிசிலின் பண்ணைகளுக்கு வந்துசேராத ஆரம்ப வருஷங்கள் அவை. ஆனாலும் சில அதிசயங்கள் இருந்தன. கன்று போட்டதும் பால் சுரக்க ஆரம்பிக்கும்போது, சில மாடுகளுக்கு ரத்தத்தில் கால்சியம் திடீரென்று குறையும். தசையெல்லாம் தளர்ந்து மாடு படுத்துவிடும். விட்டால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். சரியான நேரத்தில் கால்சியம் ஊசி போட்டால், செத்துப்போகும் என்று நினைத்த மாடு எழுந்து நிற்கும்! நாலைந்து மாடுகளை நம்பிப் பிழைக்கும் விவசாயிக்கு, அந்த ஒரு மாடு எழுந்து நிற்பதில்தான் அந்த வருஷ வாழ்க்கையே இருக்கிறது. ஆல்ஃபுக்கு இது நல்லாவே தெரியும்.

ஹனிமூனிலும் மாடுதான்!

1941 நவம்பர் 5-ம் தேதி, தெர்ஸ்க் தேவாலயத்தில் ஜோன் டான்பரியைக் கல்யாணம் செய்துகொண்டார். ஹனிமூனுக்கு எங்கே போனார்கள் தெரியுமா? யார்க்‌ஷயர் பள்ளத்தாக்குகளில் மாடுகளுக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்ய! கழுத்துத் தோலில் ஊசி போட்டு, மூணு நாள் கழித்து வீக்கத்தை அளக்கிற வேலை. அவர் அளந்து சொல்ல, புதுப் பொண்ணு ஜோன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த வருஷம் விமானப்படையில் சேர்ந்தார். பயிற்சியில் விமானம் ஓட்டக் கற்றும், உடல்நிலை காரணமாகப் போருக்குப் பறக்க முடியவில்லை. 1943 நவம்பரில் வெளியே வந்தார். அதே வருஷம் பிப்ரவரியில் மகன் ஜிம் பிறந்திருந்தான். 1947-ல் மகள் ரோஸி.

வாரம் ஏழு நாளும் வேலை. அப்படிப்பட்ட அப்பாவுக்குப் பிள்ளைகளோடு நேரம் செலவழிக்க வழி? அவர் கண்டுபிடித்த பதில் ரொம்ப சிம்பிள். பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டார். பண்ணைக்குப் பண்ணை ஓடி கேட்டைத் திறந்துவிடுவதும், காரிலிருந்து மருந்து பாட்டில்களை எடுத்துக் கொடுப்பதும் ஜிம், ரோஸியின் டியூட்டி. தனியா நேரம் ஒதுக்க முடியாதவர், இருந்த நேரத்தையே பங்கு போட்டுக்கொண்டார்.

பலன்? ரெண்டு பேருக்குமே அப்பா மாதிரி ஆகணும் என்று ஆசை. ஜிம் கால்நடை டாக்டராகி, அப்பாவோடவே வேலை பார்த்தார். ஆனால் ரோஸியை மட்டும் ஆல்ஃப் தடுத்தார். இந்த வேலையின் அடி உதை பொண்ணுக்கு வேண்டாம் என்று நினைத்தார். ரோஸி மனிதர்களுக்கு டாக்டரானார். இன்றைக்குக் கால்நடை மருத்துவம் படிக்கும் பெண்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், இந்த ஒரு விஷயத்தில் அப்பாவின் பாசம் தப்புக் கணக்குப் போட்டுவிட்டது என்றுதான் சொல்லணும்.

சிரிக்கவைத்தவரின் இருட்டு

அவர் புத்தகங்களைப் படித்தவர்களுக்கு அவர் ஜாலியான மனுஷன். ஆனால் 1960-களின் தொடக்கத்தில் அவருக்குக் கடுமையான மனச்சோர்வு வந்தது. மின் அதிர்ச்சி சிகிச்சைவரை போக வேண்டியிருந்தது. அந்த நாள்களிலும் முடிந்தவரை வேலைக்குப் போனார், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மனநலம் பற்றி யாரும் வாய் திறக்காத காலம் அது. அவர் இறந்த பிறகு, மகன் ஜிம் 1999-ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் இதையெல்லாம் விரிவாகச் சொன்னார்.

அந்த இருட்டிலிருந்து மீண்டு வந்தவர்தான், சில வருஷம் கழித்து டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

பார்த்ததையெல்லாம் புத்தகமா எழுதப்போறேன் என்று வருஷக்கணக்காக வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார். 50 வயசுக்கு மேல யாரும் புதுசா எழுத ஆரம்பிக்க மாட்டாங்க என்று ஜோன் ஒருநாள் சீண்ட, ரோஷத்தில் பேப்பர் வாங்கி வந்தாராம். தனி அறை, அமைதி, எதுவும் கிடையாது. ஹாலில் டி.வி ஓட, குடும்பம் பக்கத்தில் இருக்க, டைப் அடித்தார். நடுவில் போன் வந்தால் கிளம்பிப் போய்விட்டு வந்து தொடர்வார். முதலில் எழுதியவை பதிப்பகங்களிலிருந்து திரும்பி வந்தன. மறுபடி எழுதினார்.

டாக்டர்கள் சொந்தப் பெயரில் எழுதினால் அது விளம்பரமாகிவிடும் என்று தொழில் கட்டுப்பாடு. என்ன பெயர் வைப்பது? டி.வி-யில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. பர்மிங்ஹாம் சிட்டி கோல்கீப்பர் பெயர் ஜிம் ஹெரியட். பெயர் கிடைத்துவிட்டது!

முதல் புத்தகம் 1970-ல் வந்தது. பெரிய சத்தமில்லை. 1972-ல் முதல் இரண்டு புத்தகங்களையும் சேர்த்து அமெரிக்காவில் 'ஆல் க்ரீச்சர்ஸ் கிரேட் அண்ட் ஸ்மால்' என்று வெளியிட்டதும் எல்லாம் மாறியது. சினிமா வந்தது, 1978-ல் பி.பி.சி சீரிஸ் வந்தது. அவர் புத்தகங்கள் 6 கோடிப் பிரதிகள் விற்றதாகச் சொல்கிறார்கள்.

புகழ் வந்தது... அப்புறம்?

அப்புறம் என்ன, மறுநாள் காலையில் பண்ணைக்குப் போனார். சீரியஸாத்தான் சொல்றேன்! வருமானத்தில் 83 சதவிகிதம்வரை வரி கட்ட வேண்டியிருந்த காலம் அது. வரி குறைந்த நாட்டுக்குக் குடிபோன பிரபலங்கள் பலர். இவர் போகவில்லை. பிள்ளைகள், நண்பர்கள், நாயோடு நடக்கும் மலைப்பாதை எல்லாம் இங்கே இருக்க, எங்கே போவது? கிளினிக் வாசலில் வெளிநாட்டு ரசிகர்கள் கையெழுத்துக்குக் காத்திருந்தார்கள். உள்ளூர் விவசாயிகளுக்கோ எழுத்தாளர் பற்றிக் கவலையில்லை, மாடு சரியானால் போதும். அவருக்கும் அதுதான் பிடித்திருந்தது.

1995 பிப்ரவரி 23-ல், 78 வயதில், புற்றுநோயால் இறந்தார். அஸ்தியை அவருக்குப் பிடித்த யார்க்‌ஷயர் மலைமுகட்டில் தூவினார்கள். 23 கிர்க்கேட் கட்டடம் இப்போது அவர் பெயரில் மியூசியம்.

சைடு பிசினஸ் க்ளிக் ஆனதும் வேலையை விட்டுடணும் என்று கனவு காணும் காலம் இது. அதில் தப்பில்லை. ஆனால் ஹெரியட்டின் கதைகள் எல்லாமே கொட்டகையிலிருந்தும் வீட்டு ஹாலிலிருந்தும் வந்தவை. அந்த இரண்டையும் கடைசிவரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. உங்க வாழ்க்கையில் அப்படி விட்டுக்கொடுக்கக்கூடாத ரெண்டு விஷயம் எதுன்னு, முடிஞ்சா இன்னிக்கே யோசிச்சு வெச்சுக்கோங்க!