தாலந்தைப் புதைக்காத ஆபிரகாம்

இந்த மாதம் இந்தப் பக்கத்தில் நான் பிரசங்கம் எழுதவில்லை. ஒரு மனுஷனுடைய ஜீவியத்தைப் பற்றி எழுதப் போகிறேன். அவர் பெயர் ஆபிரகாம். ஊர் என்ற கல்தேயர் பட்டணத்திலிருந்து புறப்பட்டுப் போன ஆபிரகாம் இல்லைங்க, தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். 1919-ஆம் வருஷமே கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். சங்கீதம் படித்தவர்களுக்கு இவரை நன்றாய்த் தெரியும். நம்முடைய சபைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். எனக்கே நாற்பது வயது தாண்டித்தான் தெரிந்தது.

இவரைப் பற்றி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துப் பிரயோஜனமில்லை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நம்முடைய ஐக்கியத்தில் உள்ள ஒரு மகள் பன்னிரண்டாம் வகுப்பு நல்ல மார்க்கோடு பாஸ் பண்ணினாள். அவளுடைய பாட்டி திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். வரப்போரத்துப் பச்சிலை எல்லாம் பாட்டிக்கு அத்துப்படி. எது காமாலைக்கு, எது சளிக்கு, எதைத் தொடவே கூடாது என்று பேத்திக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளை அதையெல்லாம் நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தாள். சித்த வைத்தியம் படிக்க வேண்டுமென்று அவளுக்கு ஆசை. ஒரு சாயங்காலம் அவள் தகப்பனார் என்னிடம் ஆலோசனை கேட்க வந்தார். நான் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் புறப்பட்டு, வண்டியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டிருந்தேன். சித்தர், மலை, சாமியார் இதெல்லாம் விசுவாசப் பிள்ளைகளுக்கு எதுக்கு, பேசாமல் பி.காம் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஜெபித்துச் சொல்கிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை. அவர் என்னைத் தேவமனுஷன் என்று நம்பி, சொன்னபடியே செய்துவிட்டார்.

இது இப்படியிருக்க, சென்ற வருஷம் ஒரு ஜெபக்கூட்டத்துக்காக நான் தஞ்சாவூர் போனேன். என்னை உபசரித்த வீட்டில் ஒரு பெரியவர், நான் கம்பம் பக்கத்துக்காரன் என்று தெரிந்ததும் ஆபிரகாம் பண்டிதருக்கு வைத்தியம் கிடைத்தது உங்கள் ஊர்ப் பக்கம்தானே என்றார். நான் முழித்தேன். அன்று ராத்திரி அவர் சொன்னதையும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆபிரகாம் பண்டிதர் பிறந்தது 1859-ஆம் வருஷம் ஆகஸ்ட் 2-ஆம் தேதி. ஊர் சாம்பவர் வடகரை. அப்போது திருநெல்வேலி ஜில்லா, இப்போது தென்காசி மாவட்டம். தகப்பனார் பெயர் முத்துசாமி. கிறிஸ்தவக் குடும்பம். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குத் திறந்திருந்த வாசல் மிஷனரிகளின் பள்ளிக்கூடம். அதில் படித்து, ஆசிரியப் பயிற்சிக்காகத் திண்டுக்கல் வந்தார். பயிற்சி முடிந்து அங்கேயே வாத்தியாராகவும் ஆனார்.

இந்த இடத்தை நம்முடைய வாலிபர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வாத்தியார் வேலை கிடைத்துவிட்டது. சம்பளம் வருகிறது. சாதாரண மனுஷனுக்கு அது போதும். இவரோ திண்டுக்கல்லில் சடையாண்டி பத்தர் என்பவரிடம் போய் பிடில் கற்றுக்கொண்டார். போட்டோ பிடிக்கும் கலையிலும் மனசைச் செலுத்தினார். பார்த்ததையெல்லாம் தொட்டுவிட்டு விடுகிறவர் என்று யாராவது அவரைக் குறை சொல்லியிருக்கலாம். ஆனால் பின்னால் பாருங்கள், தொட்ட ஒன்றையும் அவர் பாதியில் விடவில்லை.

வைத்தியத்திலும் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே நாட்டம். மூலிகை தேடி மலைகளுக்குப் போவது வழக்கம். அப்படித் தேடிக்கொண்டு அவர் வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? நம்முடைய சுருளிமலை! ராயப்பன்பட்டியிலிருந்து அதிக தூரமில்லை. நான் எத்தனையோ தரம் அந்த அருவிக்குப் போயிருக்கிறேன். ஆடி அமாவாசைக்கு ஜனங்கள் கூடும்போது கைப்பிரதி கொடுக்கத்தான் போனேன், வேறெதற்கும் இல்லை. அந்த மலையில் கருணானந்தர் என்ற ஒரு முனிவர் இருந்தார். ஆபிரகாம் அவரிடம் மூலிகைகளின் குணத்தையும் மருந்து செய்யும் முறைகளையும் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் தான் செய்த மருந்துகளுக்கு அந்த ஆசானின் பெயரையே வைத்து, கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் என்று அழைத்தார்.

இதைப் படித்தபோது எனக்குள் ஒரு போராட்டம் உண்டானது. ஒரு கிறிஸ்தவன் மலையில் இருக்கும் முனிவரிடம் போய்க் கற்கலாமா? கற்றபின் அவர் பெயரை மருந்துக்கு வைக்கலாமா? ஒரு வாரம் இதை யோசித்துக்கொண்டே இருந்தேன். மோசே எகிப்தியருடைய சகல சாஸ்திரங்களிலும் கற்பிக்கப்பட்டவன் என்று நாம் அறிந்திருக்கிறோம். தானியேலும் அவன் தோழரும் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படித்தார்கள். படித்ததனால் அவர்கள் பொற்சிலையை வணங்கிவிடவில்லை. ஆபிரகாம் பண்டிதரும் அந்த மலையிலிருந்து இலையையும் வேரையும் பற்றிய அறிவைக் கொண்டுவந்தார். கடைசிவரை கிறிஸ்தவராகவே வாழ்ந்தார், கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதினார். சொல்லிக் கொடுத்தவரை மறக்காததை நான் எப்படிக் குற்றம் என்பேன்? நம்மில் அநேகர் ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்த டீச்சர் பெயரைக்கூட மறந்துபோனோம்.

1882-இல் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி ஞானவடிவு பொன்னம்மாள். அவர்களும் ஆசிரியை. மறு வருஷம் ரெண்டு பேரும் தஞ்சாவூர் வந்து, அங்கே லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தார்கள். பகலில் பள்ளிக்கூடம், மற்ற நேரம் வைத்தியம். நோயாளிகள் கூடிக்கொண்டே போனார்கள். 1890-இல் அவர் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் வைத்தியத்தில் இறங்கினார். அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது. பண்டிதர் என்ற பெயர் அவருக்கு வந்தது இந்த வைத்தியத்தினால்தான், சங்கீதத்தினால் அல்ல.

நிலையான சம்பளத்தை விடுவது லேசான காரியமில்லை என்று எனக்குத் தெரியும். நான் இன்றைக்கும் வாரத்தில் ஆறு நாள் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டித்தான் பிழைக்கிறேன். பைபிள் காலேஜில் டிப்ளமோ முடித்த நாளில் அந்த வேலையை விட்டுவிட வேண்டுமென்று எனக்கு வைராக்கியம் இருந்தது. கையில் கிரீஸோடு இருப்பவன் எப்படி ஊழியக்காரன் ஆவான் என்று வெட்கப்பட்டேன். ஆசரிப்புக் கூடாரத்துக்காகப் பெசலெயேலை தேவ ஆவியினால் நிரப்பினபோது, கர்த்தர் அவனுக்குக் கொடுத்தது பொன்னிலும் மரத்திலும் கல்லிலும் வேலை செய்கிற புத்தி. இதை நான் காலேஜில் படித்துப் பரீட்சையும் எழுதினேன். அது எனக்கு உறைக்க வெகுநாள் ஆனது.

பண்டிதருடைய மருந்துக்கு நல்ல பெயர் உண்டானது. கோரோசனை மாத்திரை விசேஷமாய்ப் பிரபலம். பிற தேசங்களிலிருந்தும் ஜனங்கள் வாங்கினார்கள். மருந்துக்கு வேண்டிய மூலிகையைத் தானே பயிர் செய்ய வேண்டுமென்று தஞ்சாவூருக்கு வெளியே நிலம் வாங்கித் தோட்டம் போட்டார். அதற்குக் கருணானந்தபுரம் என்று பெயர் வைத்தார், ஜனங்கள் பண்டிதர் தோட்டம் என்றார்கள். மூலிகையோடு நிற்கவில்லை, கரும்பிலும் மற்றப் பயிர்களிலும் புதுப்புது முறைகளைச் செய்து பார்த்து, விவசாயக் கண்காட்சிகளில் பரிசு வாங்கினார். 1909-இல் அரசாங்கம் அவருக்கு ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது.

இங்கேயே நின்றிருந்தால் பணமும் பட்டமும் உள்ள ஒரு வைத்தியர், அவ்வளவுதான். அவருக்கு ஒப்புவிக்கப்பட்ட பெரிய தாலந்து இனிமேல்தான் வருகிறது.

திண்டுக்கல்லில் பிடிலோடு ஆரம்பித்த சங்கீதத்தை அவர் விடவேயில்லை. தாமே 96 பாட்டுகள் இயற்றினார். தமிழிலே பாட வேண்டும், பாடுகிறவனுக்குப் பொருள் விளங்க வேண்டும் என்பது அவர் நோக்கம். கர்நாடக சங்கீத மேடையில் தெலுங்கே அதிகமாய் ஒலித்த காலம் அது. பாடப்பாட அவருக்கு ஒரு கேள்வி பிறந்தது. சுருதி எத்தனை?

சங்கீதம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் சபையில் தம்பி வாசிக்கிற கீபோர்டைப் பாருங்கள். ஒரு ‘ஸ’விலிருந்து அடுத்த ‘ஸ’வுக்கு முன்வரை வெள்ளையும் கறுப்புமாகப் பன்னிரண்டு கட்டைகள் இருக்கும். அதைவிட நுணுக்கமாகப் பிரித்தால் 22 சுருதி வரும் என்பது சாரங்கதேவருடைய பழைய நூலைப் பின்பற்றி வித்வான்கள் சொல்லிவந்த கணக்கு. பண்டிதர் சிலப்பதிகாரத்தையும் அதன் பழைய உரைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, கணக்குப் போட்டு, வாத்தியத்தில் வாசித்துப் பார்த்து, 24 என்றார். பழந்தமிழர் இசைக்குச் சொந்தமான இலக்கணம் இருந்தது, அது மறந்துபோய்க் கிடக்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

இதை வீட்டுக்குள் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்று ஒரு சங்கத்தைத் தஞ்சாவூரில் ஏற்படுத்தி, வித்வான்களை அழைத்து மாநாடுகள் நடத்தினார். வந்தவர்களுக்குச் சாப்பாடு, தங்கும் இடம், செலவு எல்லாம் அவருடையது. மருந்து விற்ற பணம் இப்படித்தான் போனது. அவர் சொன்னதை எதிர்த்துப் பேசுகிறவர்களையும் அழைத்துச் சாப்பாடு போட்டார் என்பதை யோசித்துப் பாருங்கள். நம்மில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்துப் பேசினால் அடுத்த ஞாயிறு வேறு சபைக்குப் போய்விடுகிறோம்.

இதற்கிடையில், 1911-இல், மனைவி ஞானவடிவு பொன்னம்மாள் இறந்துபோனார்கள். தஞ்சாவூருக்கு வந்த நாள் முதல் கூடவே பாடுபட்டவர்கள். அதற்கு மறுவருஷம்தான் அவர் சங்கத்தை ஆரம்பித்தார். அந்த ஒரு வருஷம் அவர் எப்படிக் கடந்தார் என்று நான் பலதரம் நினைத்திருக்கிறேன். பின்பு அவர் கோகிலம் பாக்கியம்மாளை விவாகம் செய்தார்.

1916-இல் பரோடாவில் அகில இந்திய சங்கீத மாநாடு கூடியது. வடநாட்டுப் பெரிய வித்வான்கள் எல்லாம் வந்த சபை. பண்டிதர் அங்கே போனார். சும்மா பேசிவிட்டு வரவில்லை. தன்னுடைய குமாரத்திகளைக் கூட்டிக்கொண்டு போய், அவர் சொன்ன சுருதிக் கணக்கை அவர்களைக்கொண்டு இசைத்துக் காட்டச் செய்தார். பெண்பிள்ளைகள் மேடை ஏறுவதை நல்ல குடும்பத்தார் அநேகர் கௌரவக் குறைச்சல் என்று எண்ணின காலம் அது. தனக்குத் தெரிந்ததைத் தன் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்து, அத்தனை வித்வான்களுக்கு முன்பாகத் தைரியமாய் நிறுத்தினார். இந்த வரியை எழுதும்போது என் கை கொஞ்சம் நின்றது. வண்டியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நான் சொன்ன பதில்தான் ஞாபகத்துக்கு வந்தது.

மறுவருஷம், 1917-இல், கருணாமிர்த சாகரம் என்ற அவருடைய பெரிய புஸ்தகம் வெளிவந்தது. ஆயிரத்து முந்நூறு பக்கத்துக்கு மேல். அதையும் சொந்த அச்சுக்கூடத்திலேயே அச்சடித்தார். அந்தப் பெயரிலும் சுருளிமலைக் கருணானந்தர் இருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 24 சுருதி என்பதை எல்லா வித்வான்களும் ஏற்றுக்கொண்டார்களா என்றால், இல்லை. அவர் நாளிலும் வாதம் நடந்தது, பிறகும் நடந்தது. ஆனால் தமிழிசையைப் பற்றி ஆராய வந்தவர்கள் அந்தப் புஸ்தகத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

1919-ஆம் வருஷம் ஆகஸ்ட் 31-ஆம் தேதி, அறுபது வயதில் பண்டிதர் மரித்தார். இரண்டாம் பாகம் அச்சாகாமலே இருந்தது. அவருடைய மகள் மரகதவல்லி அம்மாள் அதை 1946-இல் வெளியிட்டார்கள். இருபத்தேழு வருஷம் கழித்து! தகப்பன் விட்டுப்போன பாக்கியை முடித்துவைத்தது ஒரு பெண்பிள்ளை.

தாலந்து உவமையை நான் எத்தனையோ பிரசங்கத்தில் எடுத்துப் பேசியிருக்கிறேன். தாலந்து என்றால் பாடுவது, பிரசங்கிப்பது, ஜெபிப்பது என்றே சொல்லிவந்தேன். ஒரு தாலந்தைப் புதைத்தவனைத் திட்டித்தீர்த்திருக்கிறேன். இன்னொருத்தர் கையில் இருந்த தாலந்துக்கு நானே குழி தோண்டிக் கொடுத்தேன் என்று எனக்குத் தோன்றவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தச் சகோதரன் வீட்டுக்குப் போனேன். பாட்டி காப்பி போட்டுக் கொடுத்தார்கள். அன்றைக்கு நான் ஜெபிக்காமல் சொன்னேன், அது கர்த்தர் சொன்னதல்ல, நான் சொன்னது என்று தகப்பனாரிடம் அறிக்கை செய்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளை உத்தமபாளையத்தில் பி.காம் படித்துக்கொண்டிருக்கிறாள். சித்த மருத்துவப் படிப்புக்கும் இப்போது நீட் எழுத வேண்டும், கோச்சிங் செலவு இருக்கிறது, பாளையங்கோட்டை அரசு கல்லூரியில் இடம் கிடைத்தால்தான் அவர்களுக்குக் கட்டும். படித்த ரெண்டு வருஷத்தை விட்டுவிட்டு வருவதா, முடித்துவிட்டு எழுதுவதா என்று அவளே கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தத் தடவை தெரியவில்லை என்றே சொன்னேன்.

அந்தப் பழைய நோட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளே போய் எடுத்துவந்து காட்டினாள். காய்ந்த இலைகளை ஒட்டி, பக்கத்தில் பேர் எழுதியிருந்தாள். கடைசிப் பக்கங்களில் இந்த வருஷத்துத் தேதி போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் இந்தக் குடும்பத்துக்காக ஜெபிக்கிறோம். தகப்பனார் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.