வத்திராயிருப்புக் கிருஷ்ணன்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

நம் சங்கரன்கோவிலில் பஸ் ஏறி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்பினால் மலையடிவாரத்தில் வத்திராயிருப்பு வரும். (கிருஷ்ணன்கோவிலுக்கும் நான் எழுதப்போகும் கிருஷ்ணனுக்கும் சம்பந்தமில்லை.) அங்கே எங்கள் அத்தை வீடு இருக்கிறது. சென்ற ஆண்டு காதுகுத்து விழாவுக்குப் போய், இரண்டு நாள் கண்மாயில் குளித்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன் பிறந்த மண்ணில் நிற்கிறோம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தெரியவந்த கதை வெட்கக்கேடானது. இவ்வாண்டு பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளுக்காக சர் சி. வி. இராமனைப் பற்றிப் பெரிய அட்டை ஒன்று எழுதி ஒட்டினேன். அதைப் பார்வையிட வந்த எங்கள் பேராசிரியர், அந்தக் கண்டுபிடிப்பை உலகுக்குச் சொன்ன கடிதத்தில் இன்னொரு பெயரும் இருந்ததே, அது யாருடையது என்று கேட்டார். விழித்தேன். உன் அத்தை ஊர்க்காரர்தானப்பா என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அன்று மாலையே நூலகத்துக்கு ஓடினேன்.

கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4ஆம் நாள் பிறந்தார். தந்தையார் விவசாயி, தமிழும் வடமொழியும் கற்றவர். அந்த இரு மொழிப் புலமையும் மகனுக்கும் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஹிந்து உயர்நிலைப் பள்ளி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்று படிப்பு வளர்ந்தது. பின்னர் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. மதிய இடைவேளையில் அவரைச் சுற்றி மாணவர்கள் கூடிவிடுவார்களாம். பிற கல்லூரி மாணவர்களும் சந்தேகம் கேட்க வருவார்களாம். வேதியியல் வேலையில் இருந்தவரை இயற்பியல் இழுத்தது. 1920இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்.

கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு அவ்வளவு தூரம்! விசைத்தறி ஓட்டும் என் தந்தை, பிசிக்ஸ் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று மாதம் ஒரு முறையாவது கேட்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கே இன்னும் சரியான பதில் தெரியாததால், கிருஷ்ணனின் அந்த ரயில் பயணத்தைப் பற்றி நான் அதிகம் யோசித்ததுண்டு.

1923இல் அவர் இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார. இராமன் அதற்கு முன்பே வயலின், மிருதங்கம் ஆகியவற்றின் ஒலியை ஆராய்ந்து பெயர் பெற்றவர். பிறகு ஒளிச்சிதறலில் இறங்கியிருந்தார். 1928ஆம் ஆண்டுச் சோதனை நமக்கும் விளங்கக்கூடியதே. சூரிய ஒளியை ஒரு வடிகட்டி வழியே செலுத்தி, ஊதா நிறத்தை மட்டும் ஒரு திரவத்துக்குள் அனுப்புகிறார்கள். திரவம் சிதறடிக்கும் ஒளியை, ஊதாவைத் தடுக்கும் இன்னொரு வடிகட்டி வழியே பார்க்கிறார்கள். உள்ளே போன நிறமே வெளியே வருமானால் இருட்டாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மங்கலான ஒளித்தடம் ஒன்று தெரிந்தது! ஒளி தன் ஆற்றலில் ஒரு சிறு பங்கை மூலக்கூறுக்குக் கொடுத்துவிட்டு, நிறம் மாறி வெளியேறுகிறது.

திரவத்தில் தூசு இருந்தால் அதுவே ஒளியைச் சிதறடித்து ஏமாற்றிவிடும். ஆகவே ஒவ்வொரு திரவத்தையும் திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். சுமார் 60 திரவங்கள்! கண்ணாலேயே பார்த்துப் பார்த்துக் குறிப்பெழுதியவர் கிருஷ்ணன். அந்த மங்கிய ஒளி தளவிளைவுற்றிருந்ததால், அது சாதாரண ஒளிர்வு அன்று என்பதும் தெளிவாயிற்று. 'நேச்சர்' இதழில் மார்ச் 31 அன்று வெளியான கடிதத்தில் இராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் உள்ளன. 1930இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் கிடைத்தது. பல ஆண்டுகள் அந்தக் கேள்வியைத் துரத்தியவர் இராமன்தான்; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தம் நோபல் உரையிலும் அவர் கிருஷ்ணனைக் குறிப்பிட்டிருக்கிறார். குறிப்பிடாதது என் அட்டைதான்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பின் வரும் பகுதி. 1928 டிசம்பரில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகம் சென்று, ஒளியிலிருந்து காந்தத்துக்கு மாறினார். ஒரு சின்னஞ்சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிக் காந்த முனைகளுக்கு நடுவே தொங்கவிடுவார். இழையின் மேல் நுனியை மெல்ல மெல்ல முறுக்குவார். படிகம் அசைந்து கொடுக்காமல் பிடிவாதம் பிடிக்கும்; ஓர் எல்லை வந்ததும் சட்டென்று திரும்பிவிடும். அந்தக் கோணத்தை வைத்து, படிகத்தின் காந்தத் தன்மை திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிட்டார். நாஃப்தலீனும் அவர் ஆராய்ந்தவற்றில் ஒன்று. ஆம், நம் வீட்டுத் துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையேதான்! அதன் மூலக்கூறில் உள்ள கார்பன் வளையங்களைக் காந்தப்புலம் செங்குத்தாகத் துளைக்கும்போது எதிர்ப்பு மிகுதி. வளையத்தின் தளத்தோடு போகும்போது குறைவு. ஆகவே படிகம் திரும்பும் விதத்திலிருந்து, உள்ளே மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து படுத்திருக்கின்றன என்று ஊகிக்கலாம். கண்ணுக்குத் தெரியாததை ஓர் இழையின் முறுக்கலில் படித்தார்!

நானும் ஓர் அந்துருண்டையை நூலில் கட்டி, ஸ்பீக்கர் காந்தத்தின் அருகே தொங்கவிட்டுப் பார்த்தேன். அசையவே இல்லை. அது ஒற்றைப் படிகமன்று, எல்லாப் பக்கமும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான துகள்களின் கட்டி. ஒன்றின் திருப்பத்தை மற்றொன்று கெடுத்துவிடும் என்று பேராசிரியர் விளக்கினார். விசையும் மிகச் சிறியது, என் நூலோ தடித்தது. என் தந்தை மட்டும் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். இதைவிட மெல்லிய இழை வேண்டுமானால் தறியில் எடுத்துத் தருவதாகவும் சொன்னார்.

1933இல் கல்கத்தா திரும்பிய கிருஷ்ணன், 1940இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1942இல் அலகாபாத் சென்றார். 1947இல் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். நம் நாட்டின் மீட்டருக்கும் கிலோகிராமுக்கும் அளவுகோல் அங்கேதான் இருக்கிறது. இந்திய நேரமும் அங்கிருந்தே கணக்கிடப்படுகிறது. 1954இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1961 ஜூன் 14ஆம் நாள் காலமானார்.

சென்ற வாரம் அத்தையிடம் தொலைபேசியில், கிருஷ்ணன் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டேன். பால்காரக் கிருஷ்ணனா, பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருக்கும் கிருஷ்ணனா என்று திருப்பிக் கேட்டார். விடுமுறையில் நானே போய் விசாரிப்பதாக இருக்கிறேன்.