வெண்பொடி தந்த வேதியியலார் கார்ல் யோசெஃப் பேயர்

கம்பம் பள்ளத்தாக்கில் அலுமினியப் பாத்திரம் புழங்காத இல்லம் அரிது. அவ்வுலோகத்தின் மூலப்பொருளாகிய அலுமினாவைத் தூய்மையாகப் பெறும் வழியை உலகுக்கு அளித்தவர் கார்ல் யோசெஃப் பேயர் ஆவார்.

அன்றைய ஆஸ்திரியப் பேரரசைச் சார்ந்ததும் இன்று போலந்தில் உள்ளதுமாகிய பீலிட்ஸ் நகரில் 1847ஆம் ஆண்டு அவர் பிறந்தார். ஹைடல்பெர்க்கில் புன்சன் என்னும் பேரறிஞரிடம் வேதியியல் பயின்று, 1871இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இரசாயன ஆலை ஒன்றில் பணியேற்றார்.

அங்கே அவர் நாடியது உலோகத்தை அன்று. துணியில் சாயம் நிலைக்கச் செய்யும் நிறமூன்றிக்கான அலுமினாவையே ஆகும். பாலில் சிறிது உறைமோர் இட்டால் பால் முழுவதும் தயிராவதுபோல, காரக் கரைசலில் அலுமினிய ஹைட்ராக்சைடு படிகங்களைச் சிறிதளவு இட்டுக் கலக்கினால், கரைந்துள்ள ஹைட்ராக்சைடு படிகமாகப் பிரிவதை 1887இல் கண்டார். அப்படிகங்கள் வடிகட்டவும் கழுவவும் எளியன. பாக்சைட் கனிமத்தை மூடிய கலத்தில் அழுத்தத்துடன் சூடாக்கி, காஸ்டிக் சோடாவில் கரைக்கும் முறையை 1892இல் வகுத்தார்.

இறுதிப் படி நீற்றுதல். ஜாபிர் இப்னு ஹையான் பெயரால் வழங்கும் அரபு நூல்கள் இதனைத் தக்லீஸ் என்றன. காளவாசலில் சுண்ணாம்புக்கல் கரியமில வாயுவை இழப்பதுபோல, இங்கு ஹைட்ராக்சைடு நீரை இழக்கிறது. 156 பங்கு ஹைட்ராக்சைடிலிருந்து 54 பங்கு நீராவியாகி, 102 பங்கு அலுமினா எஞ்சுகிறது. நீரின் பெரும்பகுதி சுமார் 300 பாகை செல்சியசிலேயே நீங்கினும், வெப்பம் 1000 பாகை அளவுக்கு உயர்த்தப்படுகிறது. ஈரம் எஞ்சினால், பின்னர் மின்பகுப்புக் கலத்தில் நச்சுத்தன்மையுள்ள ஹைட்ரஜன் புளோரைடு வாயு எழும். ஆகவே இவ்வெப்பம் உலோகத்தின் தரத்தை மட்டுமன்றித் தொழிலாளர் நலத்தையும் காப்பதாகும்.

அலுமினாவிலிருந்து உலோகத்தை மின்சாரத்தால் பிரிக்கும் முறையை 1886இல் ஹாலும் ஏரூவும் தனித்தனியே கண்டிருந்தனர். சாயத்திற்காகப் பிறந்த பேயர் முறை அதனோடு இணைந்து, அலுமினியத் தொழிலின் அடித்தளமாயிற்று. சேர்வராயன் மலை, கொல்லிமலைப் பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் 1965இல் தொடங்கிய மதராஸ் அலுமினியம் ஆலையும் இவ்வழியே சென்றது.

எனினும் இம்முறை எச்சமாக விடும் செஞ்சேறு பெருஞ்சுமையாகும். 2010இல் ஹங்கேரியின் அய்க்காவில் அதன் தேக்கம் உடைந்து பத்துப் பேர் உயிரிழந்தனர். அச்சேற்றைப் பயனுள்ளதாக்கும் பணி இன்றைய மாணவர்க்கு உரியது.

இன்றைய ஸ்லோவேனியாவில் உள்ள ரீட்ஸ்டார்ஃபில் இல்லமும் ஆய்வகமும் அமைத்து வாழ்ந்த பேயர், 1904இல் தம் 57ஆம் வயதில் மறைந்தார். உலக அலுமினாவின் பெரும்பகுதி இன்றும் அவர் வகுத்த வழியிலேயே கிடைக்கிறது. ஒரு தேவைக்கென உண்மையாய்த் தேடிய கல்வி, எண்ணிப் பாராத வேறு பல தேவைகளுக்கும் பயன்படும் என்பதே அவர் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.