ஆகுபெயராய் நின்ற அறிஞர்

ஆகுபெயர் இலக்கணம் கற்பிக்குங்கால், கருத்தாவாகுபெயருக்குத் திருவள்ளுவரைக் கற்றான் என்னும் வழிவழி வந்த எடுத்துக்காட்டையே நான் கூறிவருவது வழக்கம். செய்தவர் பெயர் செய்யப்பட்ட நூலுக்கு ஆகி வந்தது என்க. 2022 ஆம் ஆண்டு, எரிபொருளுக்காக நம் நாட்டு மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்ற நாள்களில், டீசல் என்பது எம்மொழிச் சொல் என்று மாணவன் ஒருவன் வினவினான். அது ஒரு மனிதரின் பெயர் என்றேன். முதலில் அவர் ஆக்கிய எந்திரத்துக்கும், பின்னர் அவ்வெந்திரத்தை ஓட்டும் எண்ணெய்க்கும் ஆகி, இருமடியாகுபெயராய் அது நிற்கின்றது என்றும் விளக்கினேன். ஆயின், அம்மனிதர் வரலாற்றைக் கூற அன்று பொழுது போதவில்லை. அக்கடனை இங்கே தீர்க்க விழைகின்றேன்.

ருடோல்ப் டீசல் 1858 ஆம் ஆண்டு மார்ச் 18 ஆம் நாள் பாரிஸ் மாநகரிற் பிறந்தவர். பெற்றோர் ஜேர்மனியின் பவேரியா நாட்டினர். தந்தையார் தோற்பொருள் செய்யும் கைவினைஞர். 1870 இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டபோது, ஜேர்மனியர் என்ற காரணத்தால் அக்குடும்பம் இலண்டனுக்குப் பெயர நேர்ந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் அங்கிருந்து ஒக்ஸ்பேர்க் நகருக்கு, கணித ஆசிரியராகிய உறவினர் ஒருவர் இல்லத்துக்கு, அனுப்பப்பட்டான். வறுமை அவனைக் கல்வியிற் பின்வாங்கச் செய்யவில்லை. 1880 இல் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் மிகச் சிறந்த புள்ளிகளுடன் தேறி, குளிரூட்டு எந்திரங்களால் புகழ் பெற்ற பேராசிரியர் லிண்டேயின் நிறுவனத்திற் பணி ஏற்றார்.

அக்காலத்து ஆலைகளை ஆண்டது நீராவி எந்திரம். நூறு பங்கு நிலக்கரியை எரித்தால் ஏறத்தாழப் பத்துப் பங்கு வெப்பமே வேலையாக மாறும். எஞ்சியது வீணே போகும். மாணவப் பருவத்தில் லிண்டேயின் விரிவுரையிற் கேட்ட இவ்வுண்மை டீசலின் நெஞ்சைவிட்டு அகலவில்லை. நீராவி எந்திரம் பெருஞ்செல்வர்க்கே எட்டுவது. சிறு கைவினைஞரும் பயன்கொள்ளத்தக்க, சிக்கனமான எந்திரம் ஒன்று வேண்டும் என அவர் எண்ணினார். கைவினைஞர் மகனுக்கு அவ்வெண்ணம் எழுந்தமை வியப்பன்று.

காற்றை மிக இறுக்கினால் அது கொதிக்கச் சூடேறும். அச்சூட்டினுள் எரிபொருளைத் தெளித்தால், பொறி எதுவுமின்றித் தானே தீப்பற்றும். இதுவே அவர் கண்ட முறை. 1893 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டு ஒகஸ்ட் மாதம் ஒக்ஸ்பேர்க் தொழிற்சாலையில் நிகழ்ந்த முதற் சோதனையில் எந்திரத்தின் கருவியொன்று வெடித்துச் சிதறியது. மனந்தளராது நான்காண்டு உழைத்தார். 1897 பெப்ரவரியில் பேராசிரியர் ஒருவர் அளந்து பார்த்தபோது, எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்குக்கு மேல் வேலையாயிற்று. உலகம் வியந்தது.

இனி நம் காலத்தோடு தொடர்புடைய செய்திக்கு வருவேன். டீசல் தம் எந்திரத்தைக் கடலை எண்ணெய்க்கென்றே அமைத்தார் என்று சிலர் எழுதுவதுண்டு. அது பொருந்தாது. தொடக்கத்தில் அவர் கருதியது நிலக்கரித் தூள். வெற்றி தந்தது மண்ணினின்று எடுத்த எண்ணெய். 1900 இல் பாரிசில் நடந்த பெருங்கண்காட்சியில், பிரெஞ்சு அரசின் விருப்பப்படி ஓட்டோ நிறுவனத்தார் டீசல் எந்திரம் ஒன்றை நிலக்கடலை, அதாவது நம்மவர் கூறும் கச்சான், எண்ணெயால் ஓட்டிக் காட்டினர். எந்திரத்தில் மாற்றம் எதுவும் செய்யாமலே அது ஓடியது. கண்டறிந்தோர் மிகச் சிலரே. ஆபிரிக்காவிலிருந்த தன் குடியேற்ற நாடுகளில் விளையும் பொருளே அங்கு எரிபொருளாகட்டும் என்பது அவ்வரசின் நோக்கம். பின்னர் டீசலும் அச்சோதனையைத் தாமே செய்து பார்த்தார். 1912 அளவில், தாவர எண்ணெய்கள் அன்று அற்பமாகத் தோன்றினும், நிலக்கரியும் மண்ணெண்ணெயும் அற்றுப்போகும் காலத்தில் பெரும் பயன் தரும் என்னுங் கருத்தை அவர் வெளியிட்டார்.

1913 செப்டெம்பர் 29 ஆம் நாள் மாலை, இங்கிலாந்து செல்ல அன்ற்வேர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்னுங் கப்பலேறினார். மறுநாட் காலை அவர் அறை வெறுமையாய்க் கிடந்தது. சில நாள்களின் பின் கடலிற் கண்டெடுத்த பொருள்களை அவர் மகன் தந்தையினுடையவை என அடையாளங் கண்டார். அவருக்குப் பெருங்கடன் இருந்தது உண்மை. இறப்பின் காரணமோ இன்றுவரை துணியப்படவில்லை.

அவர் மறைந்தபின் கிணற்றெண்ணெய் மலிந்தது. அம்மலிவே தாவர எண்ணெயை மறக்கச் செய்தது. 1938 இல் பெல்ஜிய நாட்டில், பனைவகை மரமொன்றின் எண்ணெயைப் பக்குவஞ்செய்து, பிரசெல்சுக்கும் லூவெனுக்கும் இடையே பேருந்து ஓட்டினர். அதுவும் தொடரவில்லை. விளைவு யாது? எண்ணெய் ஊறாத நாடுகள் ஊறும் நாடுகளின் வாயிலில் நிற்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்திருந்த கரி எரிந்து வானிற் சேர, உலகு வெம்புகின்றது.

தாவர எண்ணெயே முழு மருந்து என்று கூறேன். உணவு விளையும் நிலத்தை எந்திரத்துக்கு ஈதலும், காட்டை அழித்து எண்ணெய்மரம் நடுதலும் வேறொரு கேட்டையே விளைக்கும். கழிவெண்ணெயையும் உணவுக்குதவாத வித்துக்களையும் பயன்கொள்ளலாம். வெயிலும் காற்றும் நீரும் தரும் மின்னாற்றலை முதன்மையாகக் கொள்ளலாம். ஒன்றையே நம்பியிருத்தல் தீது என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

கார் என்னும் நிறப்பெயர் முகிலுக்கும், முகிலால் பருவத்துக்கும், பருவத்தால் நெல்லுக்கும் ஆகி மும்மடியாகுபெயர் ஆயிற்று. டீசல் என்னும் பெயரும் மற்றொரு படி ஏறி, மண் விளைக்கும் எண்ணெய்க்கு உரியதாகுமோ என்பதை இன்று வகுப்பில் இருக்கும் மாணவரே காண்பர்.