இரும்பு லாடம் அடித்த பூட்ஸ்: ஆண் உடையில் நடந்த நாவல் ஆசிரியை!

பிரான்சு நாட்டில் 19-ம் நூற்றாண்டில் பெரும் புகழுடன் விளங்கிய நாவல் ஆசிரியர், ஜார்ஜ் சாண்ட்.

பெயரைப் பார்த்து, ஆண் என்று நினைக்க வேண்டாம். அவர் ஒரு பெண்!

70-க்கும் அதிகமான நாவல்களை அவர் எழுதினார். ரஷியாவின் பெரிய எழுத்தாளரான தாஸ்தாயெவ்ஸ்கி கூட அவற்றை விரும்பிப் படித்தார்.

ஆனால், ஜார்ஜ் சாண்ட் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய கதைகள் அல்ல. அவர் அணிந்த கால்சட்டையும், கோட்டும், பூட்சும்தான்!

தரையைக் கூட்டும் நீண்ட கவுன் அணிந்து பெண்கள் நடந்த காலம் அது. அந்தக் காலத்தில் அவர் ஏன் ஆண் உடை அணிந்தார்? பிறர் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவா?

இல்லை. யாரும் தன்னைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக! மழையிலும் சேற்றிலும் விழாமல் நடக்க வேண்டும் என்பதற்காக!

பாட்டி வளர்த்த பெண்

1804-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி பாரிஸ் நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர், ஒரோர்.

தந்தை ராணுவ அதிகாரி. பெரிய இடத்துப் பிள்ளை. தாயாரோ, பறவை விற்றுப் பிழைத்த ஓர் ஏழையின் மகள்.

ஒரோருக்கு 4 வயது ஆனபோது, தந்தை குதிரையில் இருந்து விழுந்து இறந்து போனார். தந்தையைப் பெற்ற பாட்டி, பேத்தியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். நடுப் பிரான்சில் உள்ள நொஹான் என்ற கிராமத்தில், பாட்டிக்குப் பெரிய வீடும் நிலங்களும் இருந்தன.

வீட்டோடு இருந்த வயதான ஆசிரியர், ஒரோருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். குதிரைச் சவாரிக்கும் வேட்டைக்கும் கவுன் இடைஞ்சல் என்று, பையன்கள் உடையை அணியச் சொன்னவரும் அவர்தான். ஊரார் முணுமுணுத்தார்கள். ஒரோர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1821-ம் ஆண்டு பாட்டி காலமானார். சொத்து பேத்திக்கு வந்தது.

சொத்து மனைவியுடையது, சாவி கணவரிடம்!

அடுத்த ஆண்டே, 18 வயதில், ஒரோருக்குத் திருமணம் நடந்தது. கணவர் பெயர் காசிமீர். மாரிஸ் என்ற மகனும், சொலாஞ் என்ற மகளும் பிறந்தார்கள்.

கணவன், மனைவி மனம் ஒத்துப் போகவில்லை. ஆனால், பிரிவது எப்படி?

ஒரோர் பிறந்த அதே 1804-ம் ஆண்டில் பிரான்சில் வந்த சட்டம், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று கூறியது. அவர் கொண்டுவந்த சொத்தைக் கணவரே நிர்வகித்தார். விவாகரத்துக்கும் 1816-ம் ஆண்டு முதல் தடை இருந்தது.

கடைசியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். 3 மாதம் நொஹானில் குடும்பத்துடன் இருப்பது. அடுத்த 3 மாதம் பாரிசில் தனியே இருப்பது. செலவுக்கு ஆண்டுக்கு 3 ஆயிரம் பிராங்க்.

1831-ம் ஆண்டு ஜனவரி மாதம், கடும் குளிரில், ஒரோர் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். வயது 26.

இரண்டு நாளில் போன செருப்பு

செயின் நதிக் கரையில், ஒரு வீட்டின் கூரையை ஒட்டிய மேல் மாடியில், சின்ன அறைகளில் குடியேறினார். எழுதிச் சம்பாதிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

அதற்குப் பத்திரிகை அலுவலகம் போக வேண்டும். நூலகம் போக வேண்டும். நாடகம் பார்க்க வேண்டும். எங்கும் நடந்துதான் போக வேண்டும். வண்டிக்குக் கொடுக்கப் பணம் ஏது?

அந்த நாளைய பாரிஸ் தெருக்களில் நடைபாதை குறைவு. நடுத்தெருவிலேயே சாக்கடை ஓடும். குளிர்கால மழையில் எங்கும் சேறு.

நாகரிகப் பெண்களின் செருப்போ, மெல்லிய தோலிலும் துணியிலும் செய்தது. விரிப்பு போட்ட கூடத்தில் நடக்க அது போதும். தெருவில் நடந்தால்? ஒரோரின் செருப்பு இரண்டே நாளில் கிழிந்தது.

சேற்றுக்காக மேலே மாட்டிக்கொள்ளும் கட்டைச் செருப்பையும் போட்டுப் பார்த்தார். அது வழுக்கி, கீழே தள்ளியது. கவுனைத் தூக்கிப் பிடிக்கவும் வராது. உடை நனைந்தது. ஜலதோஷம் பிடித்தது. வெல்வெட் தொப்பி, கூரைத் தண்ணீரில் ஊறிக் கெட்டது.

அவருடைய ஊரில் இருந்து வந்திருந்த வாலிபர்களைப் பார்த்தார். அவரைப் போலவே அவர்களும் கையில் காசு இல்லாதவர்கள். ஆனால், பூட்சைப் போட்டுக்கொண்டு மழையிலும் குளிரிலும் ஊரைச் சுற்றி வந்தார்கள்!

தாயார் சொன்ன யோசனை

தாயாரிடம் கஷ்டத்தைச் சொன்னார். தாயார் சிரித்தார். அவரும் இளமையில் இதே பாடுபட்டவர்தான். அப்போது கணவரின் யோசனைப்படி ஆண் உடை அணிந்து, அவருடன் நடந்தே நாடகத்துக்குப் போய் வந்தாராம். வீட்டுச் செலவு பாதியாகக் குறைந்ததாம்!

ஒரோர் தாமதிக்கவில்லை. சாம்பல் நிறக் கெட்டித் துணியில் நீண்ட கோட்டு தைக்கச் செய்தார். அதே துணியில் கால்சட்டையும் உள்சட்டையும் தைக்கச் செய்தார். சாம்பல் நிறத் தொப்பி, கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணி. பார்த்தவர்கள், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவன் என்று நினைத்தார்கள்.

எல்லாவற்றையும் விட அவருக்குப் பிடித்தது, பூட்ஸ்தான். குதிகாலில் சிறிய இரும்பு லாடம் அடித்த பூட்ஸ்! அதைக் கழற்றாமலே தூங்கலாம் போல ஆசையாக இருந்ததாகப் பிற்காலத்தில் அவரே எழுதினார். வழுக்கும் கற்களில் கால் உறுதியாக நின்றது. பாரிசின் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்குப் பறந்தார்.

நாடகக் கொட்டகையில் மேடைக்கு முன்னே உள்ள மலிவான இடத்தில் பெண்களுக்கு அனுமதி இல்லை. அங்கேயும் போய், ஆண்களோடு ஆணாக நாடகம் பார்த்தார்.

இதில் ஆபத்தும் இருந்தது. ஆண் உடை அணிய விரும்பும் பெண், போலீசாரின் அனுமதி பெற வேண்டும் என்று 1800-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி பாரிசில் ஓர் உத்தரவு போட்டிருந்தார்கள். அனுமதிக்கு மருத்துவர் சான்றும் வேண்டும்!

பெயரும் மாறியது

அவர் "பிகாரோ" பத்திரிகையில் எழுதினார். நண்பர் ஜூல் சாந்தோவுடன் சேர்ந்து ஒரு நாவல் எழுதினார்.

1832-ம் ஆண்டு, தனியாக எழுதிய "இந்தியானா" நாவல் வெளிவந்தது. பிடிக்காத கணவனிடம் சிக்கிய ஒரு பெண்ணின் கதை. ஜார்ஜ் சாண்ட் என்ற புனைபெயர், அந்தப் புத்தகத்தோடு நிலைத்துவிட்டது.

புகழ் வந்தது, பழியும் வந்தது. அவருடைய கால்சட்டையையும் சுருட்டையும் கேலி செய்து படம் போட்டார்கள். ஆனால், அவர் எப்போதும் ஆண் உடையில் இருக்கவில்லை. கவுனும் அணிந்தார். எங்கே, எதற்குப் போகிறோம் என்று பார்த்து உடுத்தினார்.

கணவரிடம் இருந்து பிரிய வழக்குப் போட்டார். 1836-ம் ஆண்டு வழக்கு முடிந்தது. பாட்டியின் நொஹான் வீடு மீண்டும் அவர் கைக்கு வந்தது.

வெள்ளத்தில் போன பூட்ஸ்

மழை அவரை ஒருமுறை தோற்கடித்தது. 1838-ம் ஆண்டு குளிர் காலத்தில், நோயாளியான இசை மேதை சோப்பினுடனும், தன் குழந்தைகளுடனும் மயோர்கா தீவுக்குப் போனார். மலை மேல் உள்ள பழைய மடத்தில் தங்கினார்கள்.

ஒரு நாள், சாமான் வாங்க மகனோடு நகரத்துக்குப் போனார். திரும்பும்போது பெருமழை. வண்டிக்காரன் பாதி வழியில் விட்டுவிட்டுப் போனான். வெள்ளத்தில் 6 மணி நேரம் தட்டுத்தடுமாறி, நள்ளிரவில் தாயும் மகனும் வந்து சேர்ந்தார்கள். காலில் பூட்ஸ் இல்லை! இருவரும் இறந்தே போனார்கள் என்று எண்ணிய சோப்பின், கண்ணீரோடு பியானோ வாசித்துக்கொண்டு இருந்தார்.

கணுக்கால் வரை சேறு

பிற்காலத்தில் ஜார்ஜ் சாண்ட் நொஹானிலேயே தங்கினார். இரவில் எழுதினார். பகலில் தோட்டத்தைக் கவனித்தார். ஊர் ஏழைகளுக்கு உதவினார். நொஹானின் நல்ல அம்மாள் என்று மக்கள் அவரை அழைத்தார்கள்.

1876-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி, 71 வயதில், அந்த வீட்டிலேயே உயிர் நீத்தார்.

இறுதிச் சடங்கின்போது மழை தூறியது. இடுகாட்டில் கணுக்கால் வரை சேறு. பாரிசில் இருந்து வந்த பெரிய எழுத்தாளர்களும், நொஹான் குடியானவர்களும் அந்தச் சேற்றில் ஒன்றாக நின்று அழுதார்கள்.

1800-ம் ஆண்டு உத்தரவு என்ன ஆயிற்று? 1892-ம் ஆண்டிலும் 1909-ம் ஆண்டிலும் கொஞ்சம் தளர்த்தினார்கள். சைக்கிளையோ, குதிரையின் கடிவாளத்தையோ பிடித்திருந்தால், பெண் கால்சட்டை அணியலாம் என்றார்கள்! காலப்போக்கில், அதைப் பொருட்படுத்துவோர் இல்லாமல் போனார்கள். 2013-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதிதான், அது செல்லாது என்று பிரெஞ்சு அரசு முறைப்படி அறிவித்தது.

அப்போது, ஜார்ஜ் சாண்ட் மறைந்து 136 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சட்டம் மாறட்டும் என்று அவர் காத்திருந்தால், அந்த மாடி அறையை விட்டு இறங்கியே இருக்க முடியாது!