தாமஸ் யங்

தாமஸ் யங் (ஜூன் 13, 1773 – மே 10, 1829) ஓர் ஆங்கிலேய மருத்துவரும் இயற்பியலாளரும் ஆவார். ஒளியின் குறுக்கீட்டு விளைவுக்காகவும், திண்மங்களின் மீட்சித்தன்மையை அளக்கும் யங் குணகத்துக்காகவும் பெரிதும் அறியப்படுகிறார். எனினும் இன்று பாடநூல்களில் அவர் பெயரால் வழங்கும் குணகமும், அவரே வரையறுத்த குணகமும் ஒன்றல்ல.

இளமையும் பணியும்

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியிலுள்ள மில்வர்ட்டன் என்னும் சிற்றூரில், குவேக்கர் குடும்பமொன்றில் பத்துப் பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். லண்டனிலும் எடின்பரோவிலும் மருத்துவம் பயின்றபின், 1796 இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். கண்ணின் வில்லை வெவ்வேறு தொலைவுகளுக்கு ஏற்பத் தன் வடிவை மாற்றுவது குறித்து 1793 இல் எழுதிய கட்டுரையைத் தொடர்ந்து, மறு ஆண்டே அரச கழகத்தின் உறுப்பினரானார். 1799 இல் லண்டனில் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார்.

1801 இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியரானார். அறிவியல் ஈடுபாடு மருத்துவத் தொழிலைப் பாதிக்கும் என அஞ்சி 1803 இல் அப்பதவியை விட்டார். ஒளி ஓர் அலை என்னும் அவரது கருத்து நியூட்டனின் துகள் கொள்கைக்கு மாறானது. ஆகவே ஹென்றி புரூம் என்பவர் எடின்பரோ ரிவியூ இதழில் அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார்.

யங் குணகம்

தம் விரிவுரைகளை 1807 இல் இரு தொகுதிகளாக யங் வெளியிட்டார். மீட்சிக் குணகம் அதில்தான் வருகிறது. ஒரு பொருளைத் தூணாக நிறுத்தி, அதே பொருளை அதன்மேல் அடுக்குவதாகக் கொள்வோம். அடுக்கிய எடைக்கும் அது உண்டாக்கும் சுருக்கத்துக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு, அப்பொருளாலேயே ஆன ஒரு கற்பனைத் தூணின் எடையாக அவர் குணகத்தை வரையறுத்தார். அத்தூணின் உயரத்தையும் ஓர் அளவாகக் கொண்டார். எஃகுக்கு இவ்வுயரம் ஏறத்தாழ 2600 கிலோமீட்டர்.

எடையாகச் சொன்னால் இக்குணகம் பொருளை மட்டுமன்றிக் குறுக்குவெட்டுப் பரப்பையும் சார்ந்திருக்கும். 1 சதுர மில்லிமீட்டர் எஃகுக் கம்பிக்கு அது சுமார் 20 டன். பரப்பு இரட்டித்தால் 40 டன். (கம்பி இதற்கு வெகு முன்னரே அறுந்துவிடும், இது விகிதத்தைக் காட்டும் எண்ணே.) பரப்பைச் சாராமல், தகைவைத் திரிபால் வகுத்துப் பெறும் இன்றைய வரையறையை 1826 இல் அளித்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் நவியே. இதன்படி எஃகின் குணகம் சுமார் 200 கிகாபாஸ்கல், அலுமினியத்தின் குணகம் சுமார் 70 கிகாபாஸ்கல். இத்தாலியரான ஜோர்தானோ ரிக்காத்தி 1782 இலேயே இதையொத்த சோதனைகளைச் செய்திருந்தார். ஆயினும் யங்கின் பெயரே நிலைத்துவிட்டது.

சொல்லும் பொருளும்

யங் எடுத்தாண்ட 'மாடுலஸ்' என்னும் லத்தீன் சொல்லுக்குச் சிறு அளவு என்பது பொருள். காஸ் 1801 இல் வெளியிட்ட எண்கணித நூலில், ஒருங்கிசைவில் வகுக்கும் எண்ணுக்கு இச்சொல்லை இட்டார். யங் கோட்டிங்கனில் பயின்ற 1795-96 இல் காஸும் அங்கே மாணவர் என்பது சுவையான ஒற்றுமை. கலப்பெண்ணின் நீளத்தையும் இதே சொல் குறிக்கிறது. தமிழ்க் கணித நூல்களில் இது 'மட்டு' ஆகும். அளவு என்ற பொருளுடைய இத்தமிழ்ச் சொல் மூலத்துக்கு மிக நெருக்கமானது. தமிழக இயற்பியல் நூல்களோ யங் குணகம், பருமக் குணகம், விறைப்புக் குணகம் என எழுதுகின்றன. உராய்வுக் குணகம் போன்றவற்றிலும் குணகம் வருவதால், இரண்டும் ஒரே வகை என மாணவர் மயங்க இடமுண்டு. உராய்வுக் குணகத்துக்கு அலகு இல்லை. யங் குணகத்துக்கு அழுத்தத்தின் அலகு உண்டு.

பிற்காலம்

1814 முதல் ரொசெட்டாக் கல்லின் எகிப்திய எழுத்துகளை ஆராய்ந்து, சில அரசப் பெயர்களின் ஒலிப்பை ஓரளவு கண்டார். முழுமையான விடையை 1822 இல் சம்பொல்லியன் வெளியிட்டார். 1818 முதல் கப்பலோட்டிகளுக்கான நாட்டிக்கல் அல்மனாக் என்னும் வானியல் பஞ்சாங்கத்தின் மேற்பார்வையாளராகவும் இருந்தார். 55ஆம் வயதில் லண்டனில் காலமானார். அன்று கென்ட் பகுதியிலிருந்த ஃபார்ன்பரோ தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.